நிலவறைக்கு ஏற்ற சுவர்ப்பலகை

உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ உள்ள ஒரு சுவரை விரலை மடக்கித் தட்டிப் பாருங்கள். விரல் வலிக்கும்படி அழுத்தமான ஒலி வந்தால் அது செங்கல் அல்லது கான்கிரீட் சுவர். காலிப் பானையைத் தட்டியதுபோல ஒலித்தால் சுவருக்குள் வெற்றிடம் இருக்கிறது என்று பொருள். அலுவலகங்கள், கடைத்தொகுதிகள், புதிய அடுக்குமாடி வீடுகள் ஆகியவற்றின் உட்சுவர்கள் பல இப்படித்தான் ஒலிக்கும். மலேசியாவில் நாம் ‘பிளாஸ்டர் சீலிங்’ என்று சொல்லும் மேற்கூரையும் பெரும்பாலும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. மெல்லிய உலோகச் சட்டங்களை வரிசையாக நிறுத்தி, இருபுறமும் பலகைகளைத் திருகாணியால் பொருத்தி, இணைப்புகளைப் பூசி மறைத்து, வண்ணம் அடித்தால் சுவர் தயார். இந்தப் பலகையை ஆங்கிலத்தில் ‘டிரைவால்’ என்பார்கள். நாம் உலர்சுவர்ப் பலகை என்று சொல்லலாம்.

‘உலர்’ என்ற அடைமொழிக்குக் காரணம் உண்டு. முற்காலத்தில் அமெரிக்க வீடுகளின் உட்சுவர்களில் மெல்லிய மரப்பட்டைகளை நெருக்கமாக அடித்து, அவற்றின்மேல் ஈரச்சாந்தை இரண்டு மூன்று முறை பூசுவார்கள். ஒவ்வொரு பூச்சும் காயும்வரை காத்திருக்க வேண்டும். அகஸ்டின் சாக்கெட் என்னும் அமெரிக்கர், காகித அடுக்குகளுக்கு நடுவே சாந்தை வைத்துத் தொழிற்சாலையிலேயே காயவைத்த பலகைக்கு 1894ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். இன்றைய வடிவத்தை ஒத்த பலகை 1916இல் விற்பனைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது கொத்தனார்கள் கிடைப்பது அரிதானது. வீடுகளோ விரைவாகத் தேவைப்பட்டன. அதன் பின்னர் ஈரச்சாந்து முறை அங்கே வேகமாக மறைந்தது.

பலகையின் நடுவில் இருப்பது ஜிப்சம் என்னும் கனிமம். இது உங்களுக்குப் புதிய பொருளன்று. கரும்பலகையில் எழுதும் சுண்ணக்கட்டி பலவும் ஜிப்சத்தால் ஆனவை. கை முறிந்தவருக்கு மருத்துவமனையில் போடும் மாவுக்கட்டும் அதுவே. ஜிப்சம் கல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நீர். அந்த நீர் கல்லுக்குள் வேதியியல் முறையில் பிணைந்திருப்பதால் தொட்டால் ஈரம் தெரியாது. கல்லைச் சுமார் 150 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் அந்த நீரில் முக்கால் பங்கு ஆவியாகிவிடும். மிஞ்சுவது வெண்மையான தூள். அதில் நீரைக் கலந்தால், இழந்த நீரை மீண்டும் இழுத்துக்கொண்டு சில நிமிடங்களில் கல்லாகிவிடும். மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டவரைக் கேட்டால், கட்டு இறுகும்போது இளஞ்சூடாக இருந்தது என்று சொல்வார். நீரும் தூளும் மீண்டும் சேரும்போது வெளிப்படும் வெப்பம் அது.

கல்லுக்குள் ஒளிந்திருக்கும் இந்த நீர்தான் தீ விபத்தின்போது காவலாக நிற்கிறது. தீ பலகையைச் சுடும்போது உள்ளிருக்கும் நீர் ஆவியாகத் தொடங்குகிறது. அந்த நீர் முழுவதும் தீரும்வரை பலகையின் மறுபக்கம் 100 டிகிரியைச் சுற்றியே நிற்கும். அதைத் தாண்டி எளிதில் ஏறாது. அந்த இடைவெளியில் மக்கள் வெளியேறிவிடலாம். 1666இல் இலண்டன் மாநகரம் எரிந்ததைக் கண்டு அஞ்சிய பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி, பாரிசிலுள்ள மரவீடுகளின்மீது ஜிப்சம் சாந்து பூசவேண்டும் என்று மறு ஆண்டே ஆணையிட்டார். அதன் வேதியியல் அன்று யாருக்கும் தெரியாது. அனுபவம் மட்டும் தெரிந்திருந்தது.

தீயை இவ்வளவு பொறுமையாகத் தாங்கும் பலகைக்கு நீரைத் தாங்கும் திறன் குறைவு. ஜிப்சத்தை நீரில் ஊறவைத்தால் மெல்ல மெல்லக் கரையும்; ஒரு லிட்டர் நீரில் 2 கிராமுக்குச் சற்று அதிகமாகக் கரைந்துவிடும். அதைவிடப் பெரிய தொல்லை, பலகையின் இரு முகங்களிலும் ஒட்டப்பட்டிருக்கும் காகிதம். காகிதம் மரக்கூழால் ஆனது. ஈரம் பட்ட மரக்கூழ் பூஞ்சணத்திற்கு நல்ல உணவு. பூஞ்சண வித்துகள் காற்றில் எங்கும் மிதந்துகொண்டிருக்கின்றன. அவற்றை முற்றாக ஒழிக்க முடியாது. அவை முளைப்பதற்கு வேண்டியது ஈரம் ஒன்றுதான். நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்திற்குள் உலர்த்திவிட்டால் பெரும்பாலும் பூஞ்சணம் பிடிக்காது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு கூறுகிறது. சுவரின் முன்பக்கத்தை நாம் துடைத்துவிடலாம். பின்பக்கத்தை யார் துடைப்பது?

இந்தக் கேள்வி மிகக் கூர்மையாக எழும் இடம் நிலவறை. நம் நாடுகளில் நிலவறையுள்ள வீடுகள் குறைவு. கனடாவின் டொராண்டோ நகரிலோ நிலவறை இல்லாத வீட்டைத் தேடித்தான் பார்க்கவேண்டும். அங்கே குளிர்காலத்தில் மண்ணிலுள்ள நீர் உறைந்து விரிவடைந்து, மேலே இருப்பதைத் தூக்கிவிடும். ஆகவே, உறைபனி எட்டாத ஆழத்தில் அடித்தளம் அமையவேண்டும். டொராண்டோவில் அந்த ஆழம் ஏறத்தாழ 1.2 மீட்டர். அவ்வளவு தோண்டியவர்கள் இன்னும் கொஞ்சம் தோண்டி ஓர் அறையாகவே ஆக்கிக்கொள்கிறார்கள். 1983ஆம் ஆண்டுக் கலவரத்திற்குப் பிறகு இலங்கையிலிருந்து அங்குச் சென்ற தமிழர்கள் பலருக்கு முதல் இருப்பிடம் இத்தகைய வாடகை நிலவறைதான். நாம் டொராண்டோ என்று எழுதும் ஊரை அவர்கள் ‘ரொறன்ரோ’ என்று எழுதுவார்கள். நிலவறையைப் பேச்சில் ‘பேஸ்மென்ட்’ என்றே சொல்வார்கள்.

அந்நகரில் வாழும் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். யாழ்ப்பாணத்திலிருந்து தம்பியும் அவர் மனைவியும் கைக்குழந்தையும் வரப்போகிறார்கள். அவர்களுக்காக, வெறும் கான்கிரீட் சுவர்களோடு கிடக்கும் நிலவறையை அறையாக மாற்றவேண்டும். கட்டுமானப் பொருள் கடைக்குப் போனால் வெள்ளை, பச்சை, ஊதா நிறங்களில் பலகைகள் அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. விலையும் வெவ்வேறு. எதை வாங்குவது?

கடைக்குப் போவதற்கு முன்பே செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ஈரம் எந்த வழியாக வருகிறது என்று கண்டுபிடிக்கவேண்டும். சுவரில் விரிசல் இருந்தால் மழைநீர் நேராகவே கசியும். விரிசலே இல்லாவிட்டாலும், கான்கிரீட்டிலுள்ள நுண்துளைகள் மண்ணின் ஈரத்தை விளக்குத்திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல உறிஞ்சும். சுவரில் வெண்ணிற உப்புப்பொடி பூத்திருந்தால், நீர் உள்ளே வந்து, உப்பைக் கரைத்துக் கொணர்ந்து, தான் மட்டும் ஆவியாகிப் போயிருக்கிறது என்பதற்கு அது சான்று. மூன்றாவது வழி காற்று. காப்பிக்கடையில் ஐஸ் மைலோ வாங்கினால் குவளையின் வெளிப்புறம் வியர்க்கிறதல்லவா? குவளை கசியவில்லை, காற்றிலிருந்த நீராவி குளிர்ந்த பரப்பில் நீர்த்துளியாக மாறியது. கோடைக்காலத்திலும் நிலவறைச் சுவர் குளிர்ச்சியாகவே இருக்கும். சூலை மாதப் புழுக்கத்தில், ‘காற்றாடினால் ஈரம் காயும்’ என்று நினைத்துச் சன்னல்களைத் திறந்துவிடுகிறார்கள். வெளியிலிருந்து வரும் ஈரக்காற்று சுவரில் பட்டு இன்னும் வியர்க்கிறது. அந்த நாள்களில் சன்னலைச் சாத்திவிட்டு ஈரநீக்கியை இயக்குவதே சரி.

சுவரில் தெரியும் நீர் வெளியிலிருந்து வந்ததா, காற்றிலிருந்து வந்ததா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஒன்றரை அடிச் சதுரமுள்ள பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாதபடி ஒட்டிவிட்டு, ஓரிரு நாள் விட்டுவிடவேண்டும். தாளின் முன்புறம் துளிகள் படிந்தால் அது அறைக்காற்றின் ஈரம். தாளின் பின்புறம் நனைந்திருந்தால் ஈரம் சுவர் வழியாக வருகிறது. ஆனால், காய்ந்து கிடக்கும் மாதத்தில் இந்தச் சோதனையைச் செய்துவிட்டு ‘ஈரமே இல்லை’ என்று மகிழ்வதில் பயனில்லை. பனி உருகும் வசந்தகாலத்திலும் பெருமழைக்குப் பிறகும் செய்து பார்க்கவேண்டும்.

இவற்றோடு சாக்கடையையும் கணக்கில் கொள்ளவேண்டும். 2013ஆம் ஆண்டு சூலை 8ஆம் நாள் மாலை டொராண்டோ விமான நிலையத்தில் சில மணி நேரத்திற்குள் 126 மில்லிமீட்டர் மழை பெய்தது. கழிவுநீர்க் குழாய்கள் நிரம்பி, நீர் வந்த வழியே திரும்பி, நிலவறைகளின் தரைத் துளைகள் வழியே பொங்கியது. நீர் திரும்பி வராமல் தடுக்கும் அடைப்பிதழைக் குழாயில் பொருத்துவதற்கு அம்மாநகராட்சி மானியம் வழங்குகிறது. இத்தகைய வேலைகளை முடிக்காமல் விலையுயர்ந்த பலகையை வாங்குவது, ஓட்டைப் படகுக்கு வண்ணம் அடிப்பதற்குச் சமம். விரிசலை அடைப்பதும், கூரைநீர் வீட்டைவிட்டுத் தள்ளி விழுமாறு குழாயை நீட்டுவதும் கண்ணுக்கு அழகு தராத செலவுகள். அதனால்தான் பலர் அவற்றைத் தள்ளிப்போடுகிறார்கள்.

இப்போது பலகைகளைப் பார்ப்போம். வெள்ளைப் பலகை சாதாரணமானது, விலையும் குறைவு. 1.2 மீட்டர் அகலமும் 2.4 மீட்டர் நீளமும் உள்ள ஒரு பலகை ஏறத்தாழ 25 கிலோகிராம் எடையுள்ளது. இருவர் சேர்ந்து தூக்கவேண்டும். வறண்ட அறைக்கு இதுவே போதும். பச்சைப் பலகையின் ஜிப்சத்தில் நீரை விலக்கும் பொருள் கலந்திருக்கும். காகிதமும் ஓரளவு ஈரத்தைத் தாங்கும். பச்சை நிறத்தைப் பார்த்ததும் ‘நீர் புகாது’ என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். ஈரத்தை ஓரளவு பொறுத்துக்கொள்ளும் என்பது வேறு, நீர் புகாது என்பது வேறு. பச்சைப் பலகையிலும் காகிதம் இருக்கிறது. குளியலறையில் நேரடியாக நீர் விழும் சுவரில் ஓடு பதிக்க ஒரு காலத்தில் இதைப் பயன்படுத்தினார்கள். ஓட்டிடுக்கில் புகுந்த நீர் பலகையைக் கூழாக்கியதால், அமெரிக்கக் கட்டட விதிகள் அங்கே அதைக் கைவிட்டன.

காகிதமே இல்லாத பலகையும் உண்டு. அதன் இரு முகங்களிலும் காகிதத்திற்குப் பதிலாகக் கண்ணாடி இழைப்பாய் இருக்கும். பூஞ்சணத்திற்கு அங்கே தின்ன எதுவும் இல்லை. நிலவறையின் வெளிச்சுவருக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். குறைகளும் இருக்கின்றன. விலை அதிகம், வெட்டும்போது கண்ணாடி இழை தோலில் பட்டு அரிக்கும், பரப்பு சொரசொரப்பாக இருப்பதால் வழவழப்பு வேண்டுமானால் மேலே மெல்லிய பூச்சு ஒன்று பூசவேண்டும். இதைவிட உறுதியானது சிமெண்டுப் பலகை. நாள்கணக்கில் நனைந்தாலும் அது கரையாது, உப்பாது. ஆயினும், கனமானது, வெட்டக் கடினமானது. அறை முழுவதற்கும் அதைப் போடுவது வீண்செலவு. குளிக்கும் இடத்தில் ஓட்டுக்குப் பின்னால் வைப்பதற்கே அது ஏற்றது.

நம் கற்பனைக் குடும்பம் நிலவறை முழுவதற்கும் ஒரே வகைப் பலகையை வாங்கவேண்டிய தேவையில்லை. மண்ணை ஒட்டிய வெளிச்சுவர்களுக்குக் காகிதமில்லாப் பலகை, குளிக்கும் இடத்திற்குச் சிமெண்டுப் பலகை, அறையை இரண்டாகப் பிரிக்கும் நடுச்சுவருக்குச் சாதாரண வெள்ளைப் பலகை எனப் பிரித்து வாங்கினால் செலவு கட்டுக்குள் நிற்கும்.

மேற்கூரையின் கதை வேறு. மேலே ஒரு குடும்பம் சமைத்து உறங்க, கீழே இன்னொரு குடும்பம் தனியாக வாழும்போது இரண்டுக்கும் நடுவே தீத்தடுப்பு வேண்டும் என்று கட்டட விதி கேட்கும். அதற்கென்றே 15.9 மில்லிமீட்டர் தடிப்புள்ள பலகை ஒன்று இருக்கிறது. அதன் ஜிப்சத்தினுள்ளேயே கண்ணாடி இழைகள் கலந்திருக்கும். நீர் முழுவதும் ஆவியான பின் சாதாரண ஜிப்சம் சுருங்கி வெடித்து உதிரும்; இழைகள் அதைச் சிறிது நேரம் சேர்த்துப் பிடித்திருக்கும். ஒரு துளை கவனிக்கப்படாமல் விடப்பட்டாலும் புகை அதன் வழியே வந்துவிடும் என்பதால், விளக்கு, குழாய் ஆகியவற்றைச் சுற்றியுள்ள இடைவெளிகளையும் அடைக்கவேண்டும். உறங்கும் அறையில் ஆள் வெளியேறக்கூடிய அளவில் சன்னல் இருக்கிறதா என்பதையும் பார்க்கவேண்டும். அந்த அளவுகளை நகராட்சியின் கட்டட அதிகாரியிடம் கேட்டு உறுதிசெய்வதே நல்லது. இவற்றில் ஊகத்திற்கு இடமில்லை.

சரியான பலகையை வாங்கித் தவறாகப் பொருத்தினால் எல்லாம் வீணாகும். பலகையின் கீழ் விளிம்பு தரையைத் தொடக்கூடாது. தரைக்கும் பலகைக்கும் நடுவே ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் இடைவெளி விடவேண்டும். ஒரு வாளி நீர் கொட்டினாலும் பலகை அதை உறிஞ்சி மேலே ஏற்றாது. இடைவெளியைத் தரையோரப் பட்டை மறைத்துவிடும். சட்டங்களைக் கான்கிரீட்டோடு ஒட்டி நிறுத்தாமல் சற்றுத் தள்ளி நிறுத்தவேண்டும். அதற்கு முன் சுவரில் வெப்பத்தைத் தடுக்கும் நுரைப்பலகையை ஒட்டிவிட்டால், அறைக்காற்று குளிர்ந்த கான்கிரீட்டைத் தொடாது, தொடாவிட்டால் வியர்க்காது. பலகைகளை நெட்டுக்குத்தாக நிறுத்தாமல் படுக்கைவாட்டில் பொருத்துவது இன்னொரு நல்ல வழக்கம். ஓரடி வெள்ளம் வந்தாலும் கீழ்வரிசைப் பலகைகளை மட்டும் கழற்றி மாற்றலாம். மேல்வரிசை அப்படியே நிற்கும். இணைப்புப் பூச்சைத் தேய்த்துச் சமப்படுத்தும்போது எழும் நுண்தூசி நுரையீரலுக்குக் கேடு. முகக்கவசம் அணிந்து செய்யவேண்டும். கைக்குழந்தை அந்தப் பக்கமே வரக்கூடாது.

பலகை எங்கிருந்து வந்தது என்பதும் பொருட்படுத்தவேண்டிய செய்தியே. 2005ஆம் ஆண்டு கத்ரீனா சூறாவளி அமெரிக்காவின் தென்பகுதியைத் தாக்கியபின் வீடுகளைப் புதுப்பிக்கப் பலகைகள் போதவில்லை. சீனாவிலிருந்து பெருமளவில் இறக்குமதி செய்தார்கள். அவற்றுள் சில பலகைகள் கந்தகச் சேர்மங்களை வெளியிட்டன. வீடுகளில் அழுகிய முட்டையின் நாற்றம் வீசியது. குளிரூட்டியின் செப்புச் சுருள்களும் மின்கம்பிகளும் கறுத்து அரித்தன. குடியிருந்தவர்கள் மூக்கெரிச்சல், தலைவலி என்று முறையிட்டார்கள். அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்திற்கு ஏறத்தாழ 4,000 புகார்கள் வந்தன. பல வீடுகளில் சுவர்ப்பலகை முழுவதையும் பெயர்த்தெறிய வேண்டியதாயிற்று. அதன் விளைவாக, பலகையில் இருக்கக்கூடிய கந்தகத்தின் அளவுக்கு வரம்பு விதித்தும், அதை யார், எப்போது செய்தார்கள் என்பதைப் பலகையிலேயே குறிக்கச் சொல்லியும் ‘2012ஆம் ஆண்டு உலர்சுவர்ப் பாதுகாப்புச் சட்டம்’ பிறந்தது. விலை மலிவு என்பதற்காக முத்திரையில்லாத பலகையை யாராவது விற்க வந்தால் இந்தக் கதையை நினைத்துக்கொள்ளலாம்.

டொராண்டோவின் முறைகளை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவரவும் முடியாது. கனடாவில் குளிர்காலம் நீண்டது. அறைக்குள் வெதுவெதுப்பு, வெளியே பனி. நீராவி வெதுவெதுப்பான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்தை நோக்கி நகரும். எனவே, நிலத்துக்கு மேலுள்ள சுவர்களில் நீராவியைத் தடுக்கும் தாளை அறையின் பக்கமாக வைக்கிறார்கள். நிலவறைச் சுவரில் அதை வைக்கலாமா என்பது குறித்து அங்குள்ள வல்லுநர்களிடையே இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. மண்ணிலிருந்து வரும் ஈரம் அந்தத் தாளுக்குப் பின்னால் சிறைப்பட்டுவிடும் என்பது ஒரு சாராரின் அச்சம்.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நிலைமை தலைகீழ். ஆண்டு முழுவதும் வெளியே வெப்பமும் ஈரமும்; உள்ளே குளிரூட்டி. இங்கே நீராவி வெளியிலிருந்து உள்ளே வர முயல்கிறது. அறையின் பக்கம் பிளாஸ்டிக் போன்ற தாளை ஒட்டினால், உள்ளே வரும் ஈரம் அந்தத் தாளின் பின்புறத்தில் தங்கிவிடும். வெப்பமண்டல ஊர்களின் தங்கும் விடுதிகள் சிலவற்றில் அழகுக்காக வினைல் சுவர்த்தாள் ஒட்டப்பட்டிருக்கும். அறையில் குளிரூட்டி இரவு பகலாக ஓடும். சில காலத்திற்குப் பின் தாளின் மேல் இளஞ்சிவப்பு அல்லது கறுப்பு நிறத்தில் புள்ளிகள் தோன்றும். துடைத்தால் போகாது. தாளின் ஒரு மூலையை உரித்துப் பார்த்தால், பலகையின் காகிதம் முழுவதும் பூஞ்சணம் படர்ந்திருக்கும். அந்தப் புள்ளிகளின்மேல் புதிய சுவர்த்தாளை ஒட்டினாலோ வண்ணம் அடித்தாலோ அவை மீண்டும் வரும். பலகையை வெட்டியெடுத்து, ஈரம் வரும் வழியை அடைத்து, சட்டங்களை நன்றாக உலரவிட்ட பிறகே புதுப் பலகையைப் பொருத்தவேண்டும்.